விருந்துக்கு இடம் பார்க்கிறவர்

அவர் ஓர் இடத்தில் வந்து நின்று கண்ணைச் சுருக்கினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது. ஆள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. செத்தவரைப் பற்றிக் கெட்டது பேசக்கூடாது என்பார்கள். அவர் உயிரோடு இருந்தபோதே நான் முகத்துக்கு நேராகப் பேசியவன். அதனால் இப்போதும் பேசலாம்.

தொழில் பருத்தித் தரகு. ஆனால் ஊரில் அவரைத் தரகர் என்று யாரும் சொல்வதில்லை. "எடம் பாக்கிற அண்ணாச்சி" என்றுதான் சொல்வார்கள். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் ஆரம்பத்திலும் கோவில்பட்டியில் எதற்கெடுத்தாலும் மாநாடு. பஞ்சு வியாபாரிகள் மாநாடு, தீப்பெட்டித் தொழில் மாநாடு, வாத்தியார்கள் மாநாடு. பகலெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுப் பேசுவார்கள். தீர்மானம் போடுவார்கள். அதில் இவருக்கு அக்கறை கிடையாது. பேச்சு முடிந்த பிறகு வெளியூர்க்காரர்களை எங்கே கூட்டிப்போய் உட்கார வைப்பது, எங்கே தேநீர் கொடுப்பது, எங்கே இலை போடுவது, அதுதான் இவர் வேலை. வரவேற்புக் குழுவில் யார் தலைவராக இருந்தாலும் இந்த வேலை இவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

மில் விருந்தினர் விடுதி என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"நாலு சுவத்துக்குள்ள சோறு போட்டா மதுரையில தின்னானா மாயவரத்துல தின்னானான்னு அவனுக்கு எப்படிவே தெரியும்? வயிறு மறந்துரும். கண்ணு மறக்காது."

நான் அப்போது வாடகைப் பாத்திரக் கடையில் வேலை பார்த்தேன். கடை ஒரு முஸ்லிம் பெரியவருடையது; எல்லோருக்கும் அவர் பாய். அண்டா, கிடாரம், வாளி, ஜமுக்காளம், பெட்ரோமாக்ஸ் விளக்கு எல்லாம் வாடகைக்குக் கொடுப்போம். மாட்டு வண்டியில் ஏற்றிப்போய் இறக்கி, விரித்து, முடிந்ததும் கழுவித் திரும்பக் கொண்டுவருவது என் வேலை. அதனால் இவர் பார்த்த இடங்களெல்லாம் எனக்குத் தெரியும். விருந்து நடக்கும்போது எப்படி இருந்தது என்று வந்தவர்களுக்குத் தெரியும். விருந்து முடிந்த பிறகு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

இடம் பார்க்கப் போகும்போது என்னையும் பாயையும் கூட்டிப்போவார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காதில் அத்தர் பஞ்சு, வாயில் எப்போதும் வெற்றிலை, கையில் குடை. யார் வீட்டு வாசல், யார் களம் என்றெல்லாம் கேட்கமாட்டார். நேராக உள்ளே போவார். செருப்பைக் கழற்றமாட்டார். நடுவில் நின்று ஒரு கண்ணை மூடி, மற்றதைச் சுருக்கி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார். பிறகு புளிச்சென்று ஓரமாகத் துப்பிவிட்டுக் குடை நுனியால் தரையில் கோடு கிழிப்பார்.

"தலைவர் இங்கன. எல அங்கன. கார் நிக்கிற எடம் அது. பாய், வெளக்க அந்த மரத்துல தூக்கணும்."

கோடு கிழித்த இடத்தில் ஒரு கிழவி வற்றல் காயப்போட்டுக்கொண்டிருப்பாள். கோடு அவள் விரித்த ஓலைப்பாயின் நடுவே போகும். அவர் அவளைப் பார்த்திருக்கவே மாட்டார். அவளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தார் என்றால்கூடப் பரவாயில்லை. அவர் கண்ணில் அவள் விழவே இல்லை. பாய் ஒருதரம் திரும்பி வரும் வழியில் சொன்னார், "அந்தக் கண்ணுக்கு எடம் மட்டுந்தாம்லே தெரியும். ஆளு தெரியாது."

ஒரு பஞ்சு மாநாட்டுக்கு அரவை மில் கிட்டங்கியில் விருந்து வைத்தார். கூரை தொடுகிற அளவுக்குப் பருத்தி குவிந்துகிடக்கும் கிட்டங்கி. அந்த நிழலில்தான் மில்லில் வேலை பார்க்கும் பெண்கள் மத்தியானக் கஞ்சி குடிப்பார்கள். அவர்களை வெயிலுக்கு அனுப்பிவிட்டு, பஞ்சுப் பொதிகளைச் சோபா மாதிரி அடுக்கச் சொன்னார். வந்தவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். பருத்திக் குவியலில் ஏறி விழுந்தார்கள். பெரிய பெரிய மனுஷர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். சாம்பாரில் பஞ்சு பறந்து விழுந்ததற்குக்கூடச் சிரித்தார்கள். மறுநாள் பாத்திரம் எடுக்கப் போனேன். பருத்திக் குவியல் முழுக்க ரசமும் பாயசமும் வெற்றிலை எச்சிலும். ஈ மொய்க்கிறது. அந்தப் பெண்கள் குனிந்து எச்சில் பட்ட பருத்தியைக் கையால் பிய்த்துப் பிய்த்து எடுக்கிறார்கள். மேஸ்திரி அவர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தான். இவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விருந்து முடிந்த இடத்துக்கு அவர் என்றைக்குமே திரும்பி வந்ததில்லை.

அது போகட்டும். ஒரு துட்டி வீட்டில் அவர் செய்ததைச் சொல்கிறேன். பெரிய வீடு, தேக்குத் தூண், ஆளுயரக் கண்ணாடி. வீட்டுக்காரர் இறந்துபோனார். துட்டி கேட்க ஊரே போனது. இவரும் போனார். நானும் பாயும் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்தால் துக்கம் தாங்காதவர் மாதிரி இருக்கும். வெளியே வந்து தெருமுனை தாண்டியதும் கேட்டார்:

"அந்த முற்றம் எத்தன எல பிடிக்கும், பாய்?"

பாய் நின்றுவிட்டார். "அண்ணாச்சி, இன்னும் பதினாறு கழியலியே."

"மாநாட்டுக்கு வாரவியளுக்குப் பதினாறு தெரியுமா, எட்டு தெரியுமா? தூணப் பாத்தேரா? அப்பேர்ப்பட்ட தூணு இந்தத் தாலூகாவுலயே கெடையாது."

மகன்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டார். பெரிய ஆட்கள் வந்து போனால் அப்பாவுக்கு மரியாதை என்று சொன்னாராம். மாநாட்டுக்கு வந்தவர்களின் வீட்டுப் பெண்களுக்கு அந்த முற்றத்தில் தேநீர் விருந்து. புல்லாங்குழல் வாசிக்க ஒருவர். தண்ணீர் எடுக்க நான் பின்கட்டுக்குப் போனேன். விறகு அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விறகுக்கும் எருமூட்டைக்கும் நடுவில் அந்த அம்மா, செத்தவருடைய சம்சாரம், உட்கார்ந்திருந்தார்கள். சேலைத் தலைப்பை வாயில் திணித்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தலைப்பை எடுத்துவிட்டு, "கதவச் சாத்திட்டுப் போ, தம்பி. சத்தம் வெளிய கேட்டா சங்கடம்" என்றார்கள்.

நான் சாத்திவிட்டு வந்தேன். முற்றத்தில் இவர் ஒரு தூணைத் தட்டித் தட்டி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார்.

திறமை இருந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். மணியாச்சியில் ரயில் மாறுகிறவர்கள் காத்துக் கிடப்பார்கள் என்று, தயிர்ச்சோறும் கடலை மிட்டாயும் கட்டி ஆளோடு அனுப்பி, ஸ்டேஷனுக்கு வெளியே வேப்ப மர நிழலில் ஜமுக்காளம் விரிக்கச் சொல்லுவார். யாருக்கு மூட்டுவலி, யார் காரம் தின்னமாட்டார் என்று விசாரித்து வைத்திருப்பார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் நின்றுகொண்டே இரண்டு கவளம் அள்ளிப் போட்டுக்கொள்வார். ஒரு பைசா அடித்தவர் கிடையாது. திருடனாக இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். இவர் எதற்காகச் செய்தார்? வெளியூர்க்காரன் ஒருவன், "ஆஹா, இப்படி ஓர் இடமா!" என்று சொல்ல வேண்டும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாய் கொஞ்சம் திறந்து, வெற்றிலைச் சாறு உதட்டோரம் வழியும். துடைக்கக்கூட மறந்துவிடுவார்.

இனி ஊரணி விஷயம்.

என் அக்காவை விளாத்திகுளம் போகிற பாதையில் ஒரு கரிசல் கிராமத்தில் கொடுத்திருந்தோம். அத்தான் ஆடு மேய்க்கிறவர். அந்த ஊரில் எங்கே கிணறு வெட்டினாலும் உப்புத் தண்ணீர்தான். பருப்பு வேகாது. குளித்தால் உடம்பு அரிக்கும். குடிக்கிறதற்கு ஊரணி ஒன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்புவதை அடுத்த ஐப்பசி வரை வைத்துக் குடிக்க வேண்டும். ஆகையால் கட்டு திட்டம் உண்டு. கரைக்கு அந்தப்பக்கம் செருப்பு போகக்கூடாது. தண்ணீரில் கால் படக்கூடாது. படிக்கல்லில் நின்று குடத்தை முக்கி எடுக்க வேண்டும். காவலுக்கு ஒரு கம்பு இருந்தது. நல்ல உயரமான கம்பு. இன்று எந்த வீட்டு வாசலில் சாத்தியிருக்கிறதோ அந்த வீட்டு ஆள் நாளைக்குப் பொழுது அடையும்வரை ஊரணியில் காவல் நிற்க வேண்டும். முடிந்ததும் கம்பை அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட்டுப் போக வேண்டும். எந்த வீட்டு முறையில் தண்ணீர் கெடுகிறதோ, அந்த வீட்டுக்குக் கம்பு வராது. கம்பு வராத வீட்டுக்கு ஊரணித் தண்ணீரும் கிடையாது.

பருத்தி பேச அந்த ஊருக்குப் போனபோது இவர் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறார். கரைமேல் ஏறி நின்று கண்ணைச் சுருக்கியிருக்கிறார். அடுத்த பஞ்சு மாநாட்டின் தேநீர் விருந்து அங்கேதான் என்று முடிவாகிவிட்டது.

ஊர் நாட்டாமை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"குடிக்கிற தண்ணி அண்ணாச்சி. கூட்டம் வந்தா தாங்காது."

"நாட்டாமை, ஒரு பெரிய அதிகாரி வாரார். ஒங்க தண்ணிக் கஷ்டத்த அவரு கண்ணால பாத்தாருன்னா ஆழமா ஒரு குழாய்க் கெணறு போட்டுத் தரமாட்டாரா? நானா மனு எழுதிக் குடுத்தா படிப்பாரா? இந்தத் தண்ணியில தேத்தண்ணி குடிச்சாருன்னா மறப்பாரா?"

நாட்டாமை யோசித்தார். "கரையோட நிக்கணும். ஒருத்தரும் எறங்கப்படாது."

"எம் பொறுப்பு."

பங்குனி மாசம். தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. நானும் பாயும் மத்தியானமே வண்டியைக் கொண்டுபோய்க் கரையில் ஜமுக்காளம் விரித்தோம். கை கழுவுவதற்கு வாளிகளைத் தூரத்தில் தனியாக வைத்தேன். ஊர் ஜனங்களை வேப்ப மரத்தடியில் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்கு முறை எங்கள் அக்காவுக்கு. கம்போடு வந்து படிக்கல் பக்கத்தில் நின்றாள். அக்கா நல்ல உயரம், தொண்டை அதைவிடப் பெரிசு. இவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஓர் ஆளை அவர் அப்படி உற்றுப் பார்த்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தூணைப் பார்த்த அதே பார்வை.

"தாயி, அவிய வரும்போது இதே எடத்துல நில்லு. யாராவது தண்ணிகிட்ட வந்தா சத்தம் போட்டு வெரட்டுத மாதிரி செய்யணும். என்ன?"

"வெரட்டுத மாதிரி என்ன அண்ணாச்சி? வெரட்டத்தான் செய்வேன். பொறவு எதுக்குக் கம்பு?"

"அதேதான்! அதே மொகத்த வச்சுக்கோ."

அக்கா என்னிடம் திரும்பினாள். "என்னலே சொல்லுதாரு இவரு? புத்தி சரியில்லியா?"

"பேசாம நில்லுக்கா. போயிருவாவ" என்றேன்.

கார்களும் ஒரு பஸ்ஸும் வந்தன. வெயில் சாய்கிற நேரம். இடம் நன்றாகத்தான் இருந்தது. சுற்றிலும் கன்னங்கரேலென்று காடு, அறுக்காமல் காய்ந்து நிற்கும் பருத்திமார், நடுவில் சிவந்த தண்ணீர். அந்தத் தண்ணீரில் போட்ட தேநீரைக் குடித்து எல்லோரும் சப்புக் கொட்டினார்கள். அதிகாரி இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார். இவர் கரையின் உச்சியில் நின்று மேடைத் தமிழில் பேசினார்.

"பெரியோர்களே, இந்த ஊரணிக்குக் காவல் உண்டு. அதோ நிற்கிறாரே, அந்தத் தாய்தான் இன்றைய காவல். நீங்கள் தண்ணீரை நெருங்கினால் சீறுவார். கம்பை ஓங்குவார். யாரும் பயப்பட வேண்டாம். அதுதான் இந்த ஊர் வழக்கம். பார்த்து ரசியுங்கள்."

தங்கக் கண்ணாடி போட்ட ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய், செருப்புக் காலோடு பெருவிரலை மட்டும் தண்ணீரில் வைத்தார். வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"ஏய்! எடுங்க கால! குடிக்கிற தண்ணி!"

அக்கா கம்பை ஓங்கிக்கொண்டு ஓடினாள். அவர் குதித்து ஓடினார். கூட்டம் கைதட்டியது.

அதோடு போயிற்றா? அடுத்தவர் இறங்கினார். பிறகு இரண்டு பேர் சேர்ந்து இறங்கினார்கள், இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். அக்கா இங்கே ஓடினால் அங்கே ஒருவர் முழங்கால் வரை இறங்கி நிற்கிறார். அங்கே ஓடினால் இங்கே ஒருவர் முகம் கழுவுகிறார். குழந்தைகள் மாதிரி விளையாடினார்கள். கேசரி ஒட்டிய கையைத் தண்ணீரில் அலசினார்கள். வாய் கொப்பளித்தார்கள். ஒருவர் வெற்றிலையைத் துப்பினார், சிவப்பாக விரிந்தது. காற்றில் எச்சில் இலைகள் பறந்து போய்த் தண்ணீரில் விழுந்தன. அக்கா கத்தக் கத்தக் கைதட்டல் கூடியது.

பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் படிக்கல்லில் கையை விரித்துக்கொண்டு நின்றார். "அய்யா, குடிக்கிற தண்ணி அய்யா! புள்ளையள் குடிக்கிற தண்ணி!"

"அட, பாயும் இதுல உண்டா?" என்று ஒருவர் சிரித்தார்.

நான் இரண்டு பேரைத் தோளைப் பிடித்து இழுத்தேன். அதற்கும் சிரித்தார்கள். அக்கா இவரிடம் ஓடிவந்தாள். மூச்சு வாங்குகிறது, முழங்கால் வரை சேறு. "அண்ணாச்சி, சொல்லுங்க அண்ணாச்சி! நீங்க சொன்னா கேப்பாவ!"

அவர் அவளைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அவ்வளவு பிரியம். உதட்டோரம் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா, தாயி" என்றார்.

கடைசியில் போட்டோக்காரன் வந்தான். தங்கக் கண்ணாடிக்காரர் அக்கா கையிலிருந்த கம்பை வாங்கித் தன் தோளில் சாத்திக்கொண்டு நின்றார். அக்காவை நடுவில் நிறுத்தினார்கள். வேப்ப மரத்தடியில் கயிற்றுக்குப் பின்னால் ஊர் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நாட்டாமை அதிகாரி பக்கத்தில் மாலையோடு நின்றார். அவர் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. குழாய்க் கிணறு போய்விடும் என்ற பயம்.

தண்ணீர் நாறத் தொடங்க வெகுநாள் ஆகவில்லை. மேலே எண்ணெய் மாதிரி படலம், பிறகு பச்சை. குடித்த வீடுகளில் பேதி. யாரும் சாகவில்லை. செத்திருந்தால் பேப்பரிலாவது வந்திருக்கும். ஐப்பசிக்கு இன்னும் கோடை முழுசாகக் கிடந்தது. ஊரே உப்புக் கிணற்றுக்குப் போனது. குழாய்க் கிணறு வரவில்லை என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஊருக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. அனுமதி கொடுத்த நாட்டாமை தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாரா? முறை யாருடையது என்று கேள்வி வந்தது. அக்கா வீட்டுக்கு இனிமேல் கம்பு வேண்டாம் என்று பேச்சு கிளம்பியது. வெள்ளிக்கிழமை சாவடியில் கூட்டம் வைத்தார்கள். அத்தான் கோவில்பட்டிக்கு வந்து என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அந்தத் தரகர் வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லணும், மாப்ள. அவ வெரட்டுனா, நாந்தான் அவியள எறக்கிவிட்டேன்னு. வேற ஒண்ணும் வேண்டாம்."

நானும் பாயும் அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். போகும்போது அவர் மறுப்பார், சண்டை போடலாம் என்று நினைத்துத்தான் போனேன். அவர் மறுக்கவில்லை.

"அந்தத் தாய்க்காக வராம இருப்பனாலே? மதுரை போயும் அவியள் அந்தப் பேச்சுதான் பேசுதாவளாம். வாரேன்."

"அவ வெரட்டத்தான் செஞ்சான்னு சொல்லணும், அண்ணாச்சி. அவ்வளவுதான்" என்றார் பாய்.

"சொல்லுதேன்வே. அவளப் பத்தி நாஞ் சொல்லாம யாரு சொல்லுவா?"

வெள்ளிக்கிழமை வந்தார். வெள்ளை வேட்டி, அத்தர், குடை. சாவடியில் ஊர் உட்கார்ந்திருந்தது. அக்கா ஓரமாக நின்றாள். கம்பு நாட்டாமை பக்கத்தில் சுவரில் சாத்தியிருந்தது. இவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"இந்தத் தாய்மேல ஒரு தப்பும் கெடையாது. நான் எத்தனையோ மாநாடு பாத்தவன். இப்படி ஒருத்தியப் பாத்ததில்ல. நான் என்ன சொன்னேனோ, அச்சுப் பெசகாம அப்படியே செஞ்சா. சத்தம் போடுன்னேன், போட்டா. ஓடுன்னேன், ஓடுனா. வந்தவிய அத்தன பேரும் அசந்துட்டாவ. இந்த ஊருக்கே பெரும தேடித் தந்திருக்கா. அவளப் போயி தண்டிக்கலாமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்லது செய்துவிட்ட சிரிப்பு. அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அருவருப்பு. அந்தச் சாயங்காலம் முழுக்கத் தான் கோடு கிழித்தபடி நடந்தது என்று அந்த மனுஷன் மனசார நம்பினார். ஒரு பொம்பளை வயிறு எரிந்து கத்தியதையும் தான் ஏற்பாடு செய்ததாகவே நம்பினார்.

நாட்டாமைக்கு அது போதும். "அப்பம் பேசி வச்சுத்தான் செஞ்சிருக்கா. காவல் நிக்கல, கூத்துக் கட்டியிருக்கா."

"நீங்க மாலையோட நின்னியள்லா, நாட்டாமை? நான் கத்துனது ஒங்க காதுல விழலியா?" என்றாள் அக்கா.

அக்கா அத்தனை பேர் முகத்தையும் பார்த்தாள். எல்லோரும் கேட்டவர்கள்தான். இனி உள்ளதைச் சொன்னால் நாட்டாமையைச் சொன்னதாகிவிடும். நாட்டாமை கம்பை எடுத்து, எங்கள் அக்காவுக்கு அடுத்த வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் நான் அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "ஒமக்கு மனுசக் கொரல் காதுல ஏறாதாவே? அவ அழுதது ஒமக்குக் கூத்தா? ஒரு குடம் தண்ணிக்கு வழியில்லாம ஆக்கிட்டேரேவே! நீரெல்லாம் ஒரு ஆளா? தூ!"

பாய் என் கையை விலக்கினார். இவர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். கோபமே இல்லை. "நான் நல்லதுதானல சொன்னேன்? எதுக்குச் சத்தம் போடுத?" என்றார். பிறகு அவர் கண் என் தோளுக்கு மேலே ஊரணிக்கரைக்குப் போனது.

"ஐப்பசில தண்ணி ரொம்பிக் கெடக்கும்போது அவியளக் கொண்டாரணும். அப்பம் இன்னும் நல்லாருக்கும்."

அதன் பிறகு பாய் அவருக்குப் பாத்திரம் கொடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அண்டாக்கள் கூரை வரை அடுக்கியிருக்க, "இல்ல அண்ணாச்சி, எல்லாம் வெளிய போயிருக்கு" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னார். இவர் வேறு கடையில் எடுத்துக்கொண்டார். வேறு ஊர்களில் வேறு இடங்களைப் பார்த்தார். மாநாட்டுக்காரர்கள் அவரைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஆடினார்கள். அவர் செத்தபோது பெரிய கூட்டமாம். நான் போகவில்லை.

கோடை முழுக்க அக்கா வீட்டில் உப்புத் தண்ணீர்தான். நான் வண்டி போகும்போதெல்லாம் பாயின் செப்புக் கிடாரத்தில் டவுன் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். அது எத்தனை நாளைக்கு வரும்? புரட்டாசியில் ஊரே இறங்கி ஊரணியைத் தூர் வாரியது. அத்தானும் மண்வெட்டியோடு போனார். தண்ணீருக்குப் பாத்தியம் இல்லாத ஆள் ஏன் வருகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ஐப்பசியில் கொட்டியது மழை. கரைக்குக் கரை நிரம்பியது.

நான் போயிருந்த அன்று மழை வெறித்திருந்தது. நாட்டாமையின் சம்சாரம் இடுப்பில் ஒரு குடத்தோடு வந்தாள். நிறை குடம், விளிம்பில் தண்ணீர் ததும்புகிறது. அக்கா வீட்டு வாசலில் இறக்கி வைத்தாள்.

"புதுத் தண்ணி, மதினி. அவிய குடுத்துவிட்டாவ. நாளைக்குக் கம்பும் ஒங்க வாசலுக்கு வந்துருமாம். பழச மனசுல வைக்காதிய."

அக்கா குடத்தைப் பார்த்தாள். கரிசல் காட்டில் வாழ்க்கைப்பட்டவள். தண்ணீரை மண்ணில் கொட்ட அவளுக்கு மனசு வராது. குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். ஆட்டுத் தொட்டியில் ஊற்றினாள். ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு வந்து குடித்தன. கடைசிச் சொட்டு வரை குடித்துத் தொட்டியை நக்கின. அவை குடித்து முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, குடத்தைக் கவிழ்த்து உதறிக் கொண்டுவந்து நாட்டாமை சம்சாரத்தின் கையில் கொடுத்தாள்.

"கொண்டு போங்க, மதினி. ஆடு குடிச்சிருச்சு."

பிறகு தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு உப்புக் கிணற்றுக்கு நடந்தாள்.